வரிசை காலி, எல்லாம் சரி

ஏப்ரல் 3, வியாழன்

சோதனைக் குழுவில் இது எனக்குப் பதினோராவது நாள். குழு என்று ஆணையில் போட்டிருக்கிறார்கள். குழுவில் இருப்பது நான் மட்டும்.

அறை மூன்றாவது மாடியில், தாள் கட்டுகள் அடுக்கும் இடத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவில். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, செத்துப்போன அச்சுப்பொறி ஒன்று. இருபத்தெட்டு வருடம் செய்தியாளனாக இருந்தவனை இங்கே உட்கார வைத்ததற்குக் காரணம் ஒரு பாலம். பாலத்தில் விரிசல் என்று எழுதினேன். பாலம் கட்டியவர் எங்கள் முதலாளிக்குச் சம்பந்தி. விரிசலையும் யாரும் மறுக்கவில்லை, சம்பந்தியையும் யாரும் மறுக்கவில்லை. ஆணை மட்டும் வந்தது.

ஆசிரியர் சொன்னது: "கொஞ்ச நாள் இந்த சாஃப்ட்வேர பாருய்யா. முப்பதாம் தேதிக்குள்ள சரின்னு ஒரு கையெழுத்து போடு. உன் மேஜை உனக்கு."

செய்தி, விளம்பரம், இறப்பு அறிவிப்பு மூன்றையும் வாங்கி, ஒரு வரிசையில் நிறுத்தி, பக்கத்தில் தானே அடுக்கும் மென்பொருள் அது. ஜனவரி 2 முதல் எங்கள் பதிப்பில் ஓடுகிறது. நான் கையெழுத்துப் போட்டால் மற்ற ஐந்து பதிப்புகளுக்கும் போகும். இதற்குப் பொறுப்பான மேலாளருக்குக் கட்டடத்தில் பெயர் 'பச்சை'. அவர் அறைக்கு வெளியே ஒரு பெரிய திரை. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு கட்டம். தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு. அந்தத் திரையில் சிவப்பைப் பார்த்தவர் யாரும் இல்லை.

அக்கா என்னிடம் பேசி ஐம்பத்தோரு நாள் ஆகிறது. இதை வேறு எங்கே எழுதி வைப்பது?

ஏப்ரல் 4, வெள்ளி

இன்று எனக்கு ஓர் ஆசிரியை கிடைத்தார். மென்பொருளைப் பராமரிக்க மூன்று மாத ஒப்பந்தத்தில் வந்திருக்கும் நிரலாளர். நாற்பது வயதிருக்கும். கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துவிட்டு, அதையே தேடுகிறார்.

"திரெட்னா என்னம்மா?" என்று கேட்டேன்.

"ஒரே நேரத்துல வேலை செய்யிற ஆளுங்கன்னு வெச்சுக்கங்க சார். இதுல நாலு பேரு. மூணு பேரு கொண்டுவந்து வரிசையில போடுறவங்க. ஒருத்தன் எடுத்துப் பக்கத்துல வைக்கிறவன்."

"யார் முதல்ல போடுவாங்க?"

"சொல்ல முடியாது."

"யார் கடைசி?"

"அதுவும் சொல்ல முடியாது. நூறு தடவ ஓட்டினா நூறு மாதிரி வரும்."

"அப்ப எதத்தாம்மா சொல்ல முடியும்?"

"அதுக்குத்தான சார் டெஸ்ட்."

நகரசபைக் கூட்டங்களுக்கு இருபது வருடம் போனவன் நான். நாலு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்வதும், யார் என்ன செய்தார் என்று கடைசி வரை தெரியாததும் எனக்குப் புதிதல்ல.

ஏப்ரல் 6, ஞாயிறு

என் மனைவி மட்டும் அக்கா வீட்டுக்குப் போனாள். நான் தெருமுனை வரை போய், பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். எனக்கு ஐம்பத்து நான்கு வயது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அத்தான் பிப்ரவரி 10, திங்கள் காலையில் போனார். பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு வருடம் இன்ஜின் பார்த்தவர். அன்று நான் விடுப்பு. அக்கா வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அவருடைய படத்தை எடுத்துக்கொண்டு, பகல் பன்னிரண்டரைக்கு நானே அலுவலகம் போய், ஸ்கேன் செய்து, அறிவிப்பைக் கொடுத்தேன். 'நேற்றுக் காலை காலமானார். இன்று மாலை 4 மணிக்கு இல்லத்திலிருந்து இறுதி ஊர்வலம்.' செவ்வாய்க்கிழமை பேப்பரில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பணிமனையிலிருந்து ஒரு ஆளும் வரவில்லை. பணிமனையில் வாங்குவது எங்கள் பேப்பர் ஒன்றுதான்.

அன்று மாலை, எல்லோரும் இருக்கும்போது அக்கா சொன்னது: "ஊர்ல செத்தவன் எல்லாரையும் போடுற. உங்க அத்தானப் போட உனக்கு நேரமில்ல."

கொடுத்தேன் என்றேன். கொடுத்த ரசீதைக் காட்டினேன்.

"அத நான் கூடத்துல மாட்டிக்கவா?"

அதோடு சரி.

ஏப்ரல் 8, செவ்வாய்

சோதனையை நானே ஓட்டிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஒரு விசையை அழுத்தினால் போதும். முடிந்ததும் திரையில் ஒரு வரி வரும்: 'வரிசை காலி, எல்லாம் சரி.' பத்து முறை ஓட்டினேன். பத்தும் பச்சை. இருபது முறை. இருபதும் பச்சை. முப்பத்தேழாவது முறை சிவப்பு.

பச்சையிடம் ஓடினேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"மறுபடி ஓட்டிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"ஓட்டுங்க."

ஓட்டினேன். பச்சை.

"அவ்ளோதான் சார். சிவப்பு வந்தா மறுபடி ஓட்டணும். பச்சை வர்ற வரைக்கும் ஓட்டணும். இதுக்குப் பேருதான் ஸ்டேபிள்."

இந்த முறையில் தேர்வு எழுதியிருந்தால் நானும் டாக்டராகியிருப்பேன்.

ஏப்ரல் 9, புதன்

வார விடுப்பு. துணி காயப்போட்டேன். அக்கா பேசவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

சோதனையை நிரலாளரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். ஜாவா என்ற நிரல்மொழியில் இருக்கிறது. அவர் படிக்க, நான் குறிப்பெடுத்தேன். முதலில் மூன்று பேரும் ஆளுக்குப் பத்துப் பொருள் போடுகிறார்கள். இறப்பு அறிவிப்பில் படம் இருக்க வேண்டும் அல்லவா, இருக்கிறது: கடுகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. பிறகு ஒரு வரி.

"இது என்ன?"

"ஸ்லீப், ரெண்டு செகண்ட். எல்லாரும் ரெண்டு செகண்ட் தூங்குறாங்க."

"எதுக்குத் தூங்குறாங்க?"

"முன்னாடி அடிக்கடி சிவப்பு வந்திருக்கு. தூங்க வெச்சா வரல. அதனால தூங்க வெச்சிருக்காங்க."

"யாரு?"

அவர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி, திரையைப் பார்த்தார். எழுதியவர் பெயர் மேலேயே இருந்தது. பச்சை.

அதற்கடுத்த வரி வரிசையைக் காலி செய்கிறது. 'கிளியர்.' உள்ளே எது இருந்தாலும் துடைத்துப் போடு என்று பொருள். கடைசி வரி கேட்கிறது: வரிசை காலியா?

அந்த வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னேன்.

"காலி பண்ணிட்டு, காலியான்னு கேக்குறாரா?"

"ஆமா சார்."

"அப்ப முப்பத்தேழாவது தடவ சிவப்பு எப்படி வந்துச்சு?"

"காலி பண்ணதுக்கு அப்புறம் யாரோ ஒருத்தர் கொண்டுவந்து போட்டிருக்கார்."

லேட்டாக வந்த ஒருவர். எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று.

ஏப்ரல் 12, சனி

வீட்டில் பாத்திரம் நான் கழுவுவேன், இவள் துடைத்து அடுக்குவாள். இன்று போன் வந்துவிட்டது. அடிப்பிடித்த சட்டியை மட்டும் தொட்டிக்கு அடியில், வாளிக்குப் பின்னால் வைத்துவிட்டு, "எல்லாம் கழுவியாச்சு" என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

"தொட்டி காலியா இருக்கு பாரு."

"தொட்டிய எதுக்குப் பாக்கணும்? ஒன்பது பாத்திரம் போட்டேன். இங்க எட்டுதான் வந்திருக்கு." குனிந்து, சட்டியை எடுத்துக் கையில் கொடுத்தாள். "இருபத்தாறு வருஷமா இதே இடம். வேற இடமாவது யோசிக்கக் கூடாதா?"

ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொருள் மேலாளர் செய்யாத சோதனையை இவள் ஈரக் கையோடு செய்துவிட்டாள்.

ஏப்ரல் 14, திங்கள்

புதிய சோதனை எழுதினோம். நான் கேள்வி கேட்க, நிரலாளர் நிரலாக்கினார். என் கேள்விகள் எந்தச் செய்திக்கும் கேட்கிறவைதான். எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள், வராதவர் யார், அவரைக் கடைசியாகப் பார்த்தது எங்கே.

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்தோம். மூன்று பேரும் ஆளுக்கு முந்நூறு. தூக்கம் கிடையாது. துடைப்பது கிடையாது. படம் உண்மையான படம். எடுத்து வைக்கிறவன் ஒவ்வொன்றின் எண்ணையும் சொல்ல வேண்டும். ஒரே எண் இரண்டு முறை வந்தாலும் தப்பு, வராவிட்டாலும் தப்பு.

உள்ளே போனது 900. வெளியே வந்தது 871.

மறுபடி ஓட்டினோம். 880. மறுபடி. 866. இருநூறு முறை ஓட்டியதில் நூற்று அறுபத்து மூன்று முறை குறைந்தது. குறைந்த ஒவ்வொன்றும் மூன்றாவது ஆள் போட்டது. மூன்றாவது ஆள்தான் இறப்பு அறிவிப்பு.

நிரலாளர் நாற்காலியில் சாய்ந்து, "அடப்பாவி" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அத்தான், நீங்கள் இந்த இருபத்தொன்பதில் ஒருவரா?

ஏப்ரல் 15, செவ்வாய்

எங்கே தொலைகிறது என்று பார்க்க, ஒவ்வொருவரும் பொருளைப் போடும்போது 'போட்டேன்' என்று திரையில் எழுதும்படி ஒரு வரி சேர்த்தோம். இருநூறு முறை ஓட்டினோம். ஒன்றுகூடத் தொலையவில்லை. அந்த வரியை எடுத்தோம். உடனே தொலைய ஆரம்பித்தது.

"எழுதுறதுக்குக் கொஞ்சம் நேரமாகுது சார். அந்தத் தாமதத்துல எல்லாம் ஒழுங்காயிடுது" என்றார் நிரலாளர்.

எனக்கு ஆச்சரியமே இல்லை. நான் குறிப்பேட்டோடு வாசலில் நின்றால் எல்லா அலுவலகத்திலும் கோப்பு நகரும். திரும்பினால் நின்றுவிடும்.

ஆனால் ஒன்று தோன்றுகிறது — தாமதமானால் ஏன் சரியாகிறது?

ஏப்ரல் 17, வியாழன்

முடிவுகளைப் பச்சையிடம் காட்டினேன்.

"ஒரு நாள்ல முந்நூறு பேர் சாவாங்களா சார்? நடைமுறைக்கு ஒத்துவராத டெஸ்ட்."

"பத்துப் பேர் செத்தாலும் ஒருத்தர் விட்டுப்போகலாம் இல்லியா?"

"புகார் வந்திருக்கா? வரலியே."

புகார் வந்திருக்கிறது. தொலைபேசி எடுக்கும் அம்மாள் தரைத்தளத்தில் நீலக் குறிப்பேடு ஒன்று வைத்திருக்கிறார். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை என்றார். கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுத்தார். ஜனவரியிலிருந்து 'இறப்பு அறிவிப்பு வரவில்லை' என்று பத்தொன்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சையின் பதில்: 'வாடிக்கையாளர் தவறு.'

செத்தவர்மேல்கூடத் தவறு கண்டுபிடிக்கலாம்.

ஏப்ரல் 18, வெள்ளி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

புகார் தேதிகளை ஒரு தாளில் எழுதி நாள்காட்டியோடு ஒப்பிட்டேன். மார்ச் 24க்கு முன்னால் எட்டுப் புகார். ஏழு வியாழக்கிழமையில் வந்தவை. ஒன்று மட்டும் செவ்வாய், பிப்ரவரி 11. அது எங்கள் அத்தான்; பதிந்தவன் நானே. மார்ச் 24க்குப் பிறகு பதினொன்று. அவற்றுக்குக் கிழமையே இல்லை, எல்லா நாளும் உண்டு.

வியாழக்கிழமை பேப்பரில் வராதது புதன்கிழமை தொலைந்தது. புதன்கிழமை இந்த அலுவலகத்தில் என்ன விசேஷம்? மார்ச் 24 என்ன நடந்தது?

புதன்கிழமை எனக்கு வார விடுப்பு. மார்ச் 24 என்னை மேலே அனுப்பிய நாள். பிப்ரவரி 10 நான் அத்தானுக்காக விடுப்பு எடுத்த நாள்.

தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். பிறகு நிரலாளரிடம் கேட்டேன்: "எடுத்து வைக்கிறவன் எப்ப வேலைய நிறுத்துவான்?"

"வரிசையில 'முடிஞ்சுது'ன்னு ஒரு சீட்டு வரும் சார். அதப் பாத்ததும் கிளம்பிடுவான்."

"அந்தச் சீட்டப் போடுறது யாரு?"

தேடினார். செய்தி கொண்டுவரும் முதல் ஆள், தன் கடைசிச் செய்தியைப் போட்டதும் அவனே சீட்டையும் போடுகிறான். மற்ற இருவரும் முடித்தார்களா என்று கேட்பதில்லை. சீட்டு வந்ததும் கதவடைப்பு, உள்ளே இருப்பதைத் துடைப்பு. அந்த இடத்தில் பச்சை தன் கையால் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்: 'செய்தியாளர்கள் எப்போதும் கடைசி.'

போன வருடம் அவர் செய்திப் பிரிவில் ஆறு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது நினைவிருக்கிறது. ஆறு நாளும் கடைசியாகக் கொடுத்தவன் நான். நான்கு மணி கெடு. நான்கு ஐம்பதுக்குக் கொடுப்பேன். தாமதத்துக்கு விளக்கம் கேட்டுப் பதினான்கு ஓலை வாங்கியிருக்கிறேன். மற்றவர்கள் எல்லோரும் நான்குக்கே கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

ஆக, நான் உட்கார்ந்து ஒரு வாக்கியத்தை மூன்று முறை அடித்துத் திருத்திக்கொண்டிருந்த அந்த ஐம்பது நிமிடத்தில், இந்த நகரத்தில் செத்தவர்கள் எல்லோரும் பத்திரமாகப் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். நான் வராத நாளில் கதவு நான்கு மணிக்கே மூடியது.

நிரலாளர் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாமல் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். "சார், உங்க சோம்பேறித்தனத்துலதான் சார் இந்த சாஃப்ட்வேரே ஓடிட்டிருந்துது."

ஏப்ரல் 19, சனி

ஒன்று இடிக்கிறது. அத்தான் அறிவிப்பை நான் கொடுத்தது பன்னிரண்டரைக்கு. நான்கு மணிக்குள் ஏன் வரிசைக்கு வரவில்லை?

அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். அன்று எல்லோரும் கொடுத்த படங்களை எல்லாம் சேர்த்தாலும் அத்தான் படத்தின் கால்வாசிதான் வரும். ஸ்கேன் செய்யும்போது இருந்ததிலேயே உயர்ந்த தரத்தில் வைத்தேன். அவர் சட்டைப் பை ஓரத்தில் இருக்கும் கிரீஸ் கறைகூடத் தெரிகிறது. அதைச் சுருக்கி எடுப்பதற்குள் மென்பொருளுக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. பிற்பகல் முழுக்கச் சுருக்கி, நான்கு பத்துக்கு வரிசையில் வந்து நின்றிருக்கிறார் அத்தான். கதவு சாத்திப் பத்து நிமிஷம்.

நல்லா வரணும்னுதானேடா அப்படிப் பண்ணின. யார் கேட்டா கிரீஸ் கறைய? பேப்பர்ல ஸ்டாம்பு அளவுதான் வரும்னு இருபத்தெட்டு வருஷமா உனக்குத் தெரியாதா? நீயே படத்தப் பெருசாக்கி, நீயே லீவும் போட்டு—

போதும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நிரலாளர் திருத்திவிட்டார். இனி மூன்று பேரும் 'நான் முடித்தேன்' என்று சொல்ல வேண்டும். மூன்றாவதாகச் சொல்பவர்தான் சீட்டைப் போடுவார், அது யாராக இருந்தாலும் சரி. கதவு சாத்தும்போது உள்ளே ஏதாவது இருந்தால் துடைக்காது, கத்தும். 'அச்சானது' என்ற குறி இல்லாத அறிவிப்பு எதுவாக இருந்தாலும் மறுநாள் மறுபடி எடுத்துக்கொள்ளும்.

இரண்டாயிரம் முறை ஓட்டினோம். செய்தி ஆளை முதலில் முடிக்க வைத்தோம், கடைசியில் முடிக்க வைத்தோம், படத்தோடு வரும் மூன்றாவது ஆளின் காலைக் கட்டி நடக்க விட்டோம். 900 போனது, 900 வந்தது, இரண்டாயிரம் முறையும்.

பிறகு நிரலாளர் குரலைத் தாழ்த்தினார். "சார், அச்சானதுங்கிற குறி இல்லாதது பழசு நாப்பத்தி மூணு கோப்புல அப்படியே கிடக்கு. ஜனவரிலேருந்து. இத ஓட விட்டா அதையும் எடுத்துக்கும். துடைச்சிடவா?"

நாற்பத்து மூன்று. புகார் செய்தவர்கள் பத்தொன்பது. மற்ற இருபத்து நான்கு வீடுகளும் எங்களைத் திட்டிக்கூடப் பார்க்காமல் பேசாமல் இருந்துவிட்டன.

"இருங்க" என்றேன்.

ஆசிரியரிடம் போனேன். ஒரு வருத்தத்தோடு சேர்த்து அத்தனையையும் போடலாம் என்றேன். பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி செத்தவங்கள இப்பப் போட்டா என்னய்யா பிரயோஜனம்? அவங்க திரும்பியா வரப்போறாங்க? நாம தப்பு பண்ணோம்னு நாமளே சொல்லணுமா? கையெழுத்து போட்டியா இல்லியா?"

ஏப்ரல் 24, வியாழன்

அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கவில்லை; ஜன்னலைத் திறந்தாள். ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று, போடுகிறவர்கள், எடுக்கிறவன், முடிந்தது சீட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய படம் கொடுத்ததையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டாள்.

"ஊர்ல எல்லா சாவுக்கும் லேட்டா வந்து உதவியிருக்க."

"ஆமாக்கா."

"உங்க அத்தானுக்கு மட்டும் லீவு போட்டிருக்க."

ஜன்னல் சாத்தப்பட்டது. ஆனாலும் பேசினாள். எழுபத்திரண்டு நாளுக்குப் பிறகு.

ஏப்ரல் 28, திங்கள்

சோதனை அறிக்கையைக் கொடுத்தேன். பதினோரு பக்கம். ஏழாம் பக்கம், மூன்றாம் பத்தியில் எழுதியிருப்பதை அப்படியே இங்கே படி எடுக்கிறேன்: 'ஜனவரி 2 முதல் விடுபட்ட இறப்பு அறிவிப்புகள் நாற்பத்து மூன்றும், திருத்தப்பட்ட மென்பொருள் இயங்கும் முதல் நாளிலேயே, எழுத்து மாறாமல் வெளியாகும். வேண்டாம் என்றால் இயக்குவதற்கு முன் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.'

மறைத்து எழுதவில்லை. சிறிய எழுத்தில் எழுதவில்லை.

பச்சை முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். "பச்சைதான?" என்றார். பச்சைதான் என்றேன். 'முழுமையாகப் படித்தேன்' என்ற கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்திட்டார். ஆசிரியர் எடையைக் கையில் பார்த்தார். "பாலத்துக்கு எழுதின மாதிரியே நீட்டி முழக்கியிருக்கியே." அவரும் குறி போட்டுக் கையெழுத்திட்டார். மூன்றாவதாக நான்.

படி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இவள் ஏழாம் பக்கத்தில் நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இத அவங்க படிச்சாங்களா?"

"படிச்சேன்னு கையெழுத்து போட்டிருக்காங்க."

"சட்டிய வேற இடத்துல வைக்கக் கத்துக்கிட்டீங்க" என்றாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

மூன்று மணிக்கு ஓட ஆரம்பித்தது. நிரலாளர் கண்ணாடியைத் தலையில் வைக்கவே இல்லை. நான்கு மணிக்குச் செய்தி ஆள் முடித்தான். நான்கு மூன்றுக்கு விளம்பரம். படத்து ஆள் போட்டுக்கொண்டே இருந்தான். எடுத்து வைக்கிறவன் போகாமல் நின்றான். ஐந்து நாற்பதுக்குச் சீட்டு விழுந்தது. வரிசை காலி.

இடம் போதாவிட்டால் மென்பொருள் தானே ஒரு பக்கம் கூட்டிக்கொள்ளும். பச்சை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லும் வசதி அது. கூட்டிக்கொண்டது.

ஏப்ரல் 30, புதன்

வார விடுப்பு. ஆறரைக்கு வாசலில் பேப்பர். ஒன்பதாம் பக்கம் முழுக்க முகங்கள். நான்காவது வரிசையில் அத்தான். ஸ்டாம்பு அளவு. கிரீஸ் கறை தெரியவில்லை.

ஏழு மணிக்குப் போனில் ஆசிரியர். எழுத்தில் வராத சொற்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்: "ஜனவரில புதைச்சவனுக்கு இன்னைக்கு மாலை நாலு மணிக்கு ஊர்வலமாம்! யாரக் கேட்டுப் போட்ட?"

"ஏழாம் பக்கம், மூணாம் பத்தி சார்."

தாள் புரளும் ஓசை. கீழே தன் கையெழுத்தைப் பார்த்திருப்பார். போனை வைத்துவிட்டார்.

பத்து மணிக்குத் தொலைபேசி அம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். இருபத்தாறு அழைப்பு. நான்கு பேர் திட்டினார்களாம். "மத்தவங்க எல்லாம் அந்தப் பக்கம் இன்னொரு பிரதி கிடைக்குமான்னு கேக்குறாங்க சார். என்ன சொல்ல?"

அக்காவிடமிருந்து ஒன்றும் இல்லை. பன்னிரண்டு. ஒன்று. மூன்று. தப்புப் பண்ணிட்டமா? ஆறின புண்ண நாமளே போய்க் கிளறி— அவளைக் கேட்டுச் செய்திருக்க வேண்டும். நாற்பத்து மூன்று வீட்டில் ஒரு வீட்டையாவது கேட்டாயா? ஆசிரியரைக் கேட்டேன், பச்சையைக் கேட்டேன், அவர்களை மட்டும் கேட்கவில்லை.

நான்கு இருபதுக்குப் போன்.

"டேய்."

"அக்கா."

"பணிமனையிலேருந்து ஏழு பேர் வந்திருக்காங்கடா. மாலையோட. போயி ரெண்டரை மாசம் ஆச்சுன்னு சொல்லிட்டேன். யாரும் எந்திரிக்க மாட்டேங்கிறாங்க. ஒருத்தர் உங்க அத்தான்கிட்ட வாங்கிட்டுப் போன ஸ்பேனரக் கொண்டுவந்து வெச்சிட்டு அழறாரு. காபி போடப் பால் இல்ல, வாங்கிட்டு வா." குரல் ஒரு மாதிரி ஆயிற்று, சரிசெய்துகொண்டாள். "சீக்கிரம் வா. ஆபீசுக்குப் போற மாதிரி வராத."

நான்கு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மே 2, வெள்ளி

பழைய மேஜை கிடைத்தது. ஆசிரியர் சொன்ன காரணம்: "உன்ன மேல வெச்சா இன்னும் ஆபத்து."

பச்சை தன் சோதனையை எடுத்துவிட்டு எங்களுடையதை வைத்திருக்கிறார். தானே எழுதியதாக மற்ற ஐந்து பதிப்புகளுக்கும் சொல்லியிருக்கிறார். நிரலாளருக்கு ஒப்பந்தத்தை நீட்டித்திருக்கிறார்கள். அவர் கேட்டது ஒன்றுதான்: செத்துப்போன அச்சுப்பொறியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ஜன்னல்.

பாலத்தைப் பற்றி இரண்டாவது செய்தி எழுத ஆரம்பித்தேன். நான்கு ஐம்பதுக்குக் கொடுத்தேன். பதினைந்தாவது ஓலை.

மே 4, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. ஸ்பேனர் அலமாரியில், அத்தான் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. யாரையும் தொடவிடுவதில்லையாம். இவளும் அக்காவும் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், என்னைப் பற்றித்தான்.

பாத்திரம் நான் கழுவினேன். உள்ளே போனது பதினொன்று. வெளியே வந்தது பதினொன்று.